குமரி மாவட்டத்தில் மின்கார் ஃபாஸ்ட் சார்ஜிங்: தூரம், கன் எண்ணிக்கை, அணுகல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கார் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், சொந்த இடத்தில் சார்ஜர் நிறுவ யோசிப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. "யூனிட்" என்று வரும் இடமெல்லாம் மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான். "கன்" என்பது காரில் செருகும் முனை.

மாவட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறேன். எனக்கு ஃபாஸ்ட் சார்ஜர் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்?

வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால், எங்கே இருந்தாலும் பரவாயில்லை. குமரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி 20, மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர். 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன காரே முழு சார்ஜில் மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பிவிடும்.

வாடகை வீடு, அடுக்குமாடி, தெருவில் நிறுத்தும் நிலை என்றால் கணக்கு வேறு. அப்போது வாரம் ஒன்றிரண்டு முறை போக ஐந்து கிலோமீட்டருக்குள், இரவிலும் திறந்திருக்கும் ஒரு இடம் வேண்டும். கார் முன்பதிவு செய்யும் முன் அந்த இடத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

அரசு விதிப்படி எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும்?

மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று இருந்தது. 2024 செப்டம்பரில் வந்த புதிய நெறிகள் இதை இறுக்கின. 2030க்குள் நகரங்களில் 1 கிலோமீட்டர் சதுரக் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒன்று. பஸ், லாரி போன்ற கனரக வண்டிகளுக்கு இருபுறமும் 100 கிலோமீட்டருக்கு ஒன்று.

இவை இலக்குகள். உங்கள் ஊரில் இல்லையென்றால் யார் மீதும் வழக்குப் போட முடியாது. களியக்காவிளை முதல் கன்னியாகுமரி வரை இந்த அளவைப் பொருத்தினால் சாலையின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடம் வரும்.

20 கிலோமீட்டருக்கு ஒன்று வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

நம் மாவட்டத்தில் தீராது. இங்கே யாரும் பேட்டரி காலியாகி நடுவழியில் நிற்பதில்லை, வரிசையில்தான் நிற்கிறார்கள். அதனால் இடைவெளியைவிட ஒரே இடத்தில் எத்தனை கன் என்பதே முக்கியம்.

கணக்காகப் பாருங்கள். ஒரு காருக்குச் சராசரியாக 40 நிமிடம் ஆகிறது, ஒரு கன்னுக்கு மணிக்கு ஒரு கார் வீதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்கள் நேரம் குறித்து வருவதில்லை. சில நேரம் மூன்று சேர்ந்து வரும், சில நேரம் ஒன்றும் வராது. இந்த ஏற்ற இறக்கத்தை வரிசைக் கணிதப்படி போட்டால், ஒரே கன் உள்ள இடத்தில் சராசரிக் காத்திருப்பு சுமார் 80 நிமிடம். இரண்டு கன் உள்ள இடத்துக்கு மணிக்கு இரண்டு கார் வந்தால் 32 நிமிடம். நான்கு கன்னுக்கு நான்கு கார் வந்தால் 11 நிமிடம். ஒவ்வொரு கன்னுக்கும் விழும் வேலை மூன்றிலும் ஒன்றேதான், ஆனால் காத்திருப்பு ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது.

பழுது வேறு இருக்கிறது. ஒற்றைக் கன் இடத்தில் அது கெட்டால் நிலையமே இல்லை. நான்கில் ஒன்று கெட்டால் மூன்று மிச்சம். அதனால் சாலையோரம் முழுக்க ஒற்றைக் கன் பெட்டிகளைத் தூவுவதைவிட, நாகர்கோவில், மார்த்தாண்டம், கன்னியாகுமரி மூன்றிலும் நான்கு முதல் ஆறு கன் உள்ள இடங்கள் வருவதே நல்லது என்பது எங்கள் கருத்து. தக்கலை, குளச்சல், அரல்வாய்மொழி போன்ற ஊர்களுக்கு அதன் பிறகு பார்க்கலாம். ஐந்து ஊரில் ஒற்றைக் கன் பெட்டி வைத்தால் திறப்புவிழாப் படத்தில்தான் அழகாக இருக்கும்.

60 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. என் காருக்கு 28தான் ஏறுகிறது. ஏமாற்றா?

பெரும்பாலும் இல்லை. நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பக்கத்துக் கன். ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்தால் 60 என்பது இரண்டுக்கும் சேர்த்துத்தான். பக்கத்தில் கார் செருகியதும் 30, 30 என்று பிரிந்துவிடும். பல கருவிகள் அந்தக் கார் போன பிறகும் உங்கள் பங்கைத் தானாக உயர்த்துவதில்லை. நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் முழுத் திறன் கிடைக்கும். முந்தைய கேள்வியில் சொன்ன "நான்கு கன்" கணக்கும் தனித்தனித் திறன் உள்ள கன்களுக்குத்தான் பொருந்தும்.

இரண்டாவது, கருவியின் உள்ளே இருக்கும் மாட்யூல்கள், அதாவது மின்சாரத்தை மாற்றித் தரும் தனித்தனிப் பகுதிகள். 60 கிலோவாட் பெட்டிக்குள் 30 கிலோவாட் மாட்யூல் இரண்டோ, 15 கிலோவாட் மாட்யூல் நான்கோ இருக்கும். ஒன்று படுத்தால் கருவி நிற்காது, திறன் மட்டும் குறையும். ஆப்பில் "வேலை செய்கிறது" என்றே காட்டும். தனியாக நின்றும், பேட்டரி 30 சதவீதத்தில் இருந்தும் பாதிதான் ஏறுகிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம். திரையைப் படம் எடுத்துப் புகாருடன் அனுப்புங்கள். "மெதுவாக ஏறுகிறது" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, மின்னோட்ட வரம்பு. திறன் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது. பழைய 50 கிலோவாட் கருவிகள் சில 125 ஆம்பியருக்கு மேல் தராது. நம் ஊரில் ஓடும் பல கார்களின் பேட்டரி 320 முதல் 350 வோல்ட்தான். 125 ஆம்பியரில் கிடைப்பது 40 முதல் 44 கிலோவாட். பெயர்ப்பலகையில் உள்ள 50ஐ எட்ட 400 வோல்ட் பேட்டரி வேண்டும்.

நான்காவது, உங்கள் காரே. டியாகோ ஈவி மாதிரிச் சின்ன கார்கள் 25 கிலோவாட் அளவில்தான் வாங்கும். 240 கிலோவாட் கருவியில் செருகினாலும் அதே 25தான். எந்தக் காராக இருந்தாலும் 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி தானாகக் குறைத்து வாங்கும். கடைசி 20 சதவீதம், முந்தைய 40 சதவீதம் ஏறிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். பின்னால் ஆள் காத்திருந்தால் 80க்கு எடுத்துவிடுவது மரியாதை மட்டுமல்ல, உங்கள் நேரத்துக்கும் அதுதான் லாபம்.

எந்த வகைக் கன் என் காருக்குப் பொருந்தும்?

இன்று விற்கும் கார்களுக்கு சிசிஎஸ்2. மெதுவான ஏசி சார்ஜருக்கு டைப் 2. பழைய டாக்சி மாடல்கள் சிலவற்றுக்கு ஜிபி/டி வகை, அதில் அதிகபட்சம் 15 கிலோவாட். ஆப்பில் "டிசி" (ஃபாஸ்ட் சார்ஜ் வகை) என்று மட்டும் பார்த்துப் போய் இந்த 15 கிலோவாட் கருவியின் முன்னால் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடிகட்டியில் சிசிஎஸ்2, 30 கிலோவாட்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்ஜி காமெட்டில் டிசி வசதியே கிடையாது.

ஆப்பில் "கிடைக்கிறது" என்று காட்டுகிறது. போனால் கேட் பூட்டியிருக்கிறது. ஏன்?

ஆப்புக்குத் தெரிவது கருவி இணையத்தில் இருக்கிறதா, கன் காலியா என்பது மட்டும். கேட், காவலாளி, முன்னால் நிற்கும் லாரி எதுவும் அதற்குத் தெரியாது. பொது இடம்போலத் தோன்றும் பல சார்ஜர்கள் ஓட்டல் வளாகம், ஷோரூம், துணிக்கடை வாகன நிறுத்தம் ஆகியவற்றில்தான் உள்ளன. ஷோரூம் சார்ஜர்கள் மாலையில் பூட்டப்படும். ஞாயிறு விடுமுறை. பகலில்கூட அன்று டெலிவரி கொடுக்க வேண்டிய புதிய கார்கள் அங்கே செருகி நிற்கும். ஓட்டல் வளாகத்தில் "சாப்பிட வருபவர்களுக்கு மட்டும்" என்பார்கள்.

இரவில் நம்பத்தக்கது 24 மணி நேர பெட்ரோல் பங்க். அங்கும் இரண்டு சிக்கல். இரவில் கருவியின் பிரேக்கரை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. காற்று அடிக்க நிற்கும் வண்டியும், தண்ணீர் லாரியும் சார்ஜர் முன்னாலேயே நிற்கும்.

அதனால் கிளம்பும் முன் செய்ய வேண்டியது இது. ஒன்றுக்கு இரண்டு ஆப்பில் பாருங்கள். அந்த நிறுவனத்தின் ஆப்பில் நேரடி நிலையையும், பிளக்ஷேரில் மற்ற ஓட்டுநர்களின் கடைசிக் குறிப்பையும் பாருங்கள். குறிப்பு ஒரு மாதத்துக்கு மேல் பழையது என்றால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எரிசக்தித் திறன் வாரியத்தின் ஈவி யாத்ரா செயலி 2022 டிசம்பரில் வந்தது, பல நிறுவனங்களின் நிலையங்களையும் ஒரே வரைபடத்தில் தேட உதவும். இரவுப் பயணம் என்றால் அந்த இடத்துக்கே போன் போட்டு "கேட் திறந்திருக்குமா, மெயின் ஆன்ல இருக்குமா" என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

வரைபடத்தில் 500 மீட்டர் காட்டுகிறது, போக 8 கிலோமீட்டர் ஆகிறதே?

எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து காவல்கிணறு வழியாகத் திருநெல்வேலி போகும் 44ஆம் எண் நான்குவழிச் சாலையில் மீடியன் தடுப்பு உண்டு. அடுத்த திறப்பு வரை போய் யூ டர்ன் அடிக்க வேண்டும், சார்ஜ் போட்டபின் மறுபடி ஒரு யூ டர்ன். "இருபுறமும்" என்று விதி சொல்வதற்குக் காரணமே இதுதான். பேட்டரி 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது இந்தச் சுற்றையும் தூரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியாக வரும் 66ஆம் எண் சாலையில் மீடியன் குறைவு, நெரிசல் அதிகம். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் கீழே கடைவீதியில் இருக்கும் எந்த இடத்துக்கும் பாலம் முழுக்க இறங்கித்தான் திரும்ப வேண்டும். பாலம் இரண்டரை கிலோமீட்டர்.

கன்னியாகுமரியில் சீசன் நேரத்தில் எப்படிச் சமாளிப்பது?

கன்னியாகுமரியில் போடாதீர்கள். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள், டிசம்பர் விடுமுறை, ஏப்ரல், மே பள்ளி விடுமுறை, ஓணம் என்று கூட்டம் கூடும் நாட்கள் எல்லோருக்கும் தெரியும். இதில் நேரமும் சேர்கிறது. சூரிய உதயம் பார்த்து, படகில் விவேகானந்தர் பாறைக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் போய்விட்டுக் கிளம்புபவர்கள் ஒரே நேரத்தில் சார்ஜர் தேடுவார்கள். காலை 9 முதல் பகல் 1 வரை அங்கே கன் காலியாக இருப்பது அதிர்ஷ்டம்.

நாகர்கோவில் 20 கிலோமீட்டர்தான். வரும் வழியிலேயே அங்கே 80 வரை ஏற்றிவிட்டு வாருங்கள். தங்குவதாக இருந்தால் லாட்ஜில் இரவு முழுக்கப் போடலாம். சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். "கார் நிறுத்தும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவீர்கள்" என்று கேளுங்கள். 3.3 கிலோவாட் கையடக்கச் சார்ஜர் பத்து மணி நேரத்தில் 33 யூனிட் இழுக்கும். அந்த இழுவை ஒன்றரை கீசர் அளவுதான், ஆனால் கீசர் பத்து நிமிடத்தில் அணையும், இது அணையாது. அதனால் பிளக் முகப்பு மஞ்சளாகியோ கருகியோ இருந்தால் செருகவே வேண்டாம். செருகி அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே எடுத்துவிடுங்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

திருநெல்வேலியிலிருந்து வரும்போது அரல்வாய்மொழி பக்கம் பேட்டரி வேகமாக இறங்குகிறது. கார் கோளாறா?

காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நாகர்கோவில் நோக்கி வருபவருக்கு அது எதிர்க்காற்று.

80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், காரின் கணக்கில் காற்று 110 வேகத்தில் மோதுகிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் அது கிட்டத்தட்ட 90 சதவீதம் கூடும். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் தந்த கார் 5க்கு இறங்கினால் ஆச்சரியமில்லை. டேஷ்போர்டு காட்டும் மீதித் தூரம் அதற்கு முன் ஓடிய சாலையை வைத்துப் போட்டது, வரப்போகும் காற்று அதற்குத் தெரியாது. அந்த மாதங்களில் வள்ளியூர் தாண்டும்போது நாகர்கோவிலுக்குத் தேவையான தூரத்தைவிட ஒன்றரை மடங்கு மீதி வைத்திருங்கள். வேகத்தை 60க்குக் குறைத்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். அதே காற்று திரும்பிப் போகும்போது பின்னாலிருந்து தள்ளும்.

மழையில் சார்ஜ் போடலாமா?

போடலாம். கன் முழுதாகப் பொருந்தி, காரும் கருவியும் ஒன்றோடொன்று பேசி, மின்காப்புச் சோதனை முடிந்த பிறகே உயர் வோல்ட் வரும். ஆனால் கன் முனை தண்ணீரில் ஊறியிருந்தால் அந்தச் சோதனையே தோற்றுப்போய் "ஐசோலேஷன்" பிழை காட்டும். கன்னைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை உதறி, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி செருகுங்கள். பின்களுக்குள் விரலோ துணியோ விட வேண்டாம். கருவியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலும், இடி மின்னல் தலைக்கு மேல் இருந்தாலும் காத்திருப்பதுதான் சரி.

கடற்கரை ஊர்களில் சார்ஜர் அடிக்கடி கெடுவது ஏன்?

உப்புக் காற்றும் மணலும். ஃபாஸ்ட் சார்ஜர் காற்றை உள்ளிழுத்துத்தான் குளிர்கிறது. முட்டம், குளச்சல், கன்னியாகுமரி பக்கம் அந்தக் காற்றோடு உப்புப் பிசுபிசுப்பும் நுண்மணலும் உள்ளே போய் வடிகட்டியை அடைக்கும். வடிகட்டி அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் கருவி திறனைக் குறைக்கும், கடைசியில் நிற்கும். உள்நாட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டி சுத்தம் செய்தால் போதும் என்றால், கடலோரத்தில் மாதம் ஒருமுறை தேவை. கன் பின்களில் பச்சை படிந்திருந்தால் அது செம்பு அரிப்பு, தொடர்பு சரியாக இராது. அந்தக் கன்னை விட்டுவிட்டுப் புகார் கொடுங்கள்.

செருகினேன், தொடங்கவில்லை. வரிசையாக என்ன பார்ப்பது?

சிவப்பு அவசரப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா பாருங்கள். யாரோ அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள், அம்புக்குறிப்படி திருகினால் வெளியே வரும். பிறகு காரை அணைத்துப் பூட்டுங்கள். கேபிள் எடை கன்னைக் கீழே இழுப்பதால் தொடர்பு விட்டுப்போவது மிகச் சாதாரணம். கன்னைக் கையால் தாங்கிப் பிடித்தபடி ஆப்பில் தொடங்கி, பூட்டு விழும் "டக்" சத்தம் கேட்டபின் கையை எடுங்கள். ஆப்பின் வாலட்டில் குறைந்தபட்சத் தொகை இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் கன்னை எடுத்து ஒரு நிமிடம் விட்டு அடுத்த கன்னில் முயலுங்கள். கருவி "ஆஃப்லைன்" என்றால் அதற்குள் இருக்கும் சிம்முக்குச் சிக்னல் இல்லை. ஆர்எஃப்ஐடி அட்டையை (காட்டினால் சார்ஜ் தொடங்கும் அட்டை) ஏற்கும் கருவிகள் அப்போதும் சில நேரம் ஓடும். அதனால் அடிக்கடி போகும் நிறுவனத்தின் அட்டை ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

கன் காரில் சிக்கிக்கொண்டது.

முதலில் ஆப்பில் சார்ஜை நிறுத்துங்கள். பிறகு சாவியில் அன்லாக்கை இரண்டு முறை அழுத்தி, கன்னை உள்நோக்கி லேசாகத் தள்ளிவிட்டு இழுங்கள். வரவில்லையென்றால் பல கார்களில் டிக்கி அல்லது பானெட் பக்கம் கையால் இழுக்கும் விடுவிப்புக் கம்பி உண்டு. எங்கே என்று கையேட்டில் இன்றே பார்த்து வையுங்கள்.

திருவனந்தபுரம் போக என்ன ஏற்பாடு?

நாகர்கோவிலிலிருந்து விமான நிலையம் போய்த் திரும்ப சுமார் 140 கிலோமீட்டர். 40 யூனிட் காருக்கு வழியில் சார்ஜே தேவையில்லை. சின்ன கார் என்றால் அந்தப் பக்கம் ஒருமுறை போட வேண்டும். கேரள மின்வாரியமே துணை மின்நிலைய வளாகங்களில் நிலையங்கள் நடத்துகிறது. நேமத்தில் இருப்பது நம் பாதையிலேயே வரும். அதற்கு கேஇஎம் என்ற அவர்களின் ஆப் வேண்டும், களியக்காவிளை தாண்டும் முன்னரே பதிவு செய்து பணம் போட்டு வையுங்கள். அங்கே பகல் 9 முதல் மாலை 4 வரை கட்டணம் குறைவு, மற்ற நேரம் கூடுதல்.

மதுரைக்கு?

நாகர்கோவிலிலிருந்து 240 கிலோமீட்டர். 45 யூனிட் கார் 90 வேகத்தில் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் தரும், அதாவது முழு சார்ஜில் 290. ஒரே மூச்சில் போகலாம்தான், ஆனால் கோவில்பட்டி, சாத்தூர் பகுதியில் 25 நிமிடம் போட்டுவிட்டுப் போனால் மதுரைக்குள் அலைய வேண்டியதில்லை. 24 யூனிட் கார் என்றால் திருநெல்வேலியிலும் விருதுநகர் பகுதியிலும் என்று இரண்டு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மாற்று இடம் ஒன்று மனதில் இருக்க வேண்டும், அந்த மாற்று இடத்தை அடைய 15 சதவீதம் பேட்டரியில் இருக்க வேண்டும்.

பேச்சிப்பாறை, திற்பரப்பு, காளிகேசம் பக்கம் ஃபாஸ்ட் சார்ஜர் தேவையா?

தேவையில்லை. நாகர்கோவிலிலிருந்து போய்த் திரும்ப 100 கிலோமீட்டர்கூட ஆகாது. ஏறும்போது செலவாவதில் ஒரு பகுதி இறங்கும்போது ரீஜென் மூலம், அதாவது மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புவதால், திரும்ப வரும். அங்கே பணம் போடுவதற்குப் பதில் மார்த்தாண்டத்தில் இன்னும் இரண்டு கன் போடலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயைச் சுற்றி இருக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 20 ரூபாய் என்றால் வரியோடு 23.60. ஆறரை கிலோமீட்டர் கணக்கில் கிலோமீட்டருக்கு சுமார் 3.60 ரூபாய். வீட்டில் இதைவிடக் குறைவு. ஆனால் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் கணக்கே மாறும் என்பதை மறக்க வேண்டாம். வீட்டு ஏசி சார்ஜிங்கில் பத்து சதவீதம்போல இழப்பும் உண்டு. மீட்டரில் 33 ஓடினால் பேட்டரிக்கு 30தான் போகும்.

சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காவிட்டால் சில நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் தனிக்கட்டணம் போடும். போடட்டும்.

மெயின் ரோட்டில் எனக்கு 10 சென்ட் இடம் இருக்கிறது. நிலையம் வைக்கலாமா?

உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பொதுச் சார்ஜிங் நிலையம் நடத்தலாம். தடையாக வருவது மின் இணைப்பும் இடத்தின் அமைப்பும்தான்.

ஒரு 60 கிலோவாட் கருவி முழுத் திறனில் மூன்று பேஸில் ஒவ்வொன்றிலும் சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரில் அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்பதை நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்தால் புதிய டிரான்ஸ்பார்மருக்கும் கம்பி இழுப்புக்கும் ஆகும் செலவு கருவியின் விலையை நெருங்கலாம். 240 கிலோவாட் என்று போனால் உயரழுத்த இணைப்பும் சொந்த டிரான்ஸ்பார்மரும் வேண்டும், அதற்கே ஒன்றிரண்டு சென்ட் போகும்.

எர்த்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். விளவங்கோடு பக்கத்துச் செம்பாறை மண்ணும், கடற்கரை மணலும் கோடையில் காய்ந்து மின்தடை ஏறும். மழைக்காலத்தில் அளந்து சரியாக இருந்த எர்த் மார்ச்சில் தோற்கும், கருவி "எர்த் பிழை" என்று நிற்கும். காரணம் தெரியாமல் கருவியை மாற்றுபவர்களும் உண்டு. குழிகளை ஆழமாக, ஒன்றுக்கு மேல், ரசாயன நிரப்பியோடு போட்டு, மார்ச், ஏப்ரலில் அளந்து பாருங்கள். வடகிழக்குப் பருவ மழையில் இடி மின்னல் அதிகம் என்பதால் சர்ஜ் காப்பான் கட்டாயம்.

சாலை எது என்பதையும் யோசியுங்கள். 66ஆம் எண் சாலையின் நான்குவழிப் பாதை ஊர்களைச் சுற்றிப் போகிறது. வெளியூர்க் கார்கள் அதற்கு மாறிவிட்டால் பழைய சாலையோர நிலையத்துக்கு உள்ளூர் ஆட்கள்தான் வாடிக்கை. உள்ளூர் ஆள் வீட்டில் சார்ஜ் போடுவார். பழைய சாலையில் வைப்பதென்றால் அடுக்குமாடிகளும் டாக்சி ஸ்டாண்டும் பக்கத்தில் உள்ள இடமாகப் பாருங்கள்.

மானியம் பற்றி: 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதை நம்பி மட்டும் வரவு செலவு போடாதீர்கள்.

நிறுத்தும் இடத்தை எப்படி அமைப்பது?

கார்களில் சார்ஜ் வாய் ஒரே இடத்தில் இல்லை. எம்ஜி இசட்எஸ்ஸில் முன்பக்க கிரில்லில், சிலவற்றில் முன்சக்கரத்துக்கு மேலே, சிலவற்றில் பின்பக்கம். கேபிள் 5 மீட்டர் என்றால் கருவி இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவே, முன்தடுப்பை ஒட்டி இருந்தால்தான் எல்லாவற்றுக்கும் எட்டும். சுவரோரம் ஒரு மூலையில் வைத்தால் பாதிக் கார்கள் குறுக்கே நின்று இரண்டு இடத்தையும் அடைக்கும்.

ஒரு நிறுத்தமாவது 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் இருக்கட்டும். சக்கர நாற்காலியோடு கதவு திறந்து இறங்க அவ்வளவு வேண்டும். கருவியைப் பத்து அங்குல மேடையில் ஏற்றி முன்னால் இரும்புக் குழாய் நட்டுவைத்தால் நாற்காலியில் இருப்பவருக்குத் திரையும் எட்டாது, கன்னும் எட்டாது. மேடை வெள்ளத்துக்காகத்தான் என்றால், கருவியின் பக்கம்வரை சரிவு போட்டுவிடலாம். கேபிளும் கன்னும் சேர்ந்து எட்டுப் பத்து கிலோ இருக்கும். மேலிருந்து கேபிளைத் தாங்கும் ஸ்பிரிங் கை வைத்தால் வயதானவர்களும் தூக்கலாம். மேற்கூரையும் விளக்கும் செலவு என்று நினைக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்குத் தனியாக வரும் பெண் இருட்டு மூலையில் 40 நிமிடம் நிற்க மாட்டார், அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார்.

மின்சாரம் போனால்? புயல் வந்தால்?

மின்தடை வந்தால் சார்ஜ் அத்துடன் முடியும். ஏறிய யூனிட்டுக்கு மட்டும் காசு. மின்சாரம் திரும்பினாலும் தானாகத் தொடராது, நீங்கள்தான் மறுபடி தொடங்க வேண்டும். மூன்றில் ஒரு பேஸ் மட்டும் போனாலும் கருவி நின்றுவிடும். பங்கில் விளக்கு எரிகிறதே என்று வாதிட்டுப் பயனில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட எச்சரிக்கை வந்தால் முந்தைய நாளே 100 வரை ஏற்றி, காரை மரத்தடியிலும் தாழ்வான இடத்திலும் இல்லாமல் நிறுத்துங்கள். பம்ப் ஜெனரேட்டரில் ஓடும் பெட்ரோல் பங்கிலும் ஃபாஸ்ட் சார்ஜர் ஓடாது, 60 கிலோவாட்டை அந்தச் சின்ன ஜெனரேட்டர் தாங்காது.

என் மின் ஸ்கூட்டரை அதே கன்னில் போடலாமா?

முடியாது, முனையே பொருந்தாது. பக்கத்தில் 16 ஆம்பியர் பிளக் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.